காசில் இருந்த முகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதக் கூச்சந்தான். ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எமர்ஜென்சி சமயம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் காட்டில் உழும்போது கிடைத்தது என்று என் வீட்டுக்காரர் ஒரு தேய்ந்த வெள்ளிக் காசைத் தந்தார். அதில் ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது. அந்த மாதந்தான் எங்கள் அம்மன் கோயிலில், நேர்ந்துகொண்டு சாத்திய, அம்மன் முகம் பதித்த சின்ன வெள்ளித் தகடுகள் களவு போயிருந்தன. அந்த முகம் எனக்கு அம்மனாகவே பட்டது. என் வீட்டுக்காரர்தான் எடுத்துவிட்டாரோ என்று பயந்தேன்; ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பாவம் தீரட்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

ஆறு வருஷம் போனது. மனசு தாங்காமல், மதுரையில் பழங்காசு பார்க்கத் தெரிந்த ஒரு வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது எந்தக் கோயில் அம்மனுங்கய்யா?"

"அம்மனா? இது ரோமாபுரி ராஜா, தாயி! அவுக ஆண்ட சிரியா சீமையில அடிச்ச காசு. பின்னால பாருங்க, கழுகு. எழுத்தெல்லாம் தேஞ்சுபோச்சு. பள்ளத்துல உங்க குங்குமம் எறங்கியிருக்கவும்தான் நாலெழுத்தாச்சும் படிக்க முடியுது."

அங்கேயே அழுதுவிட்டேன். வாத்தியார் பதறிப்போனார்.

வீடு திரும்பியபோது என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இம்புட்டு நாளா ஒரு ஆம்பளைக்குப் பொட்டு வச்சிருக்கேன்" என்றேன்.

"காட்டுல கெடந்த காசுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? நீதான் சாமியாக்கிட்ட" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஏன் கும்பிட்டேன் என்று அவர் கேட்கவில்லை. அதை இப்போதுதான் எழுதுகிறேன்.