கேக்கோடு வந்த லோன்காரர்

எங்கள் பக்கத்தில் ஐடி கார்டு கைக்கு வந்துவிட்டால் பெரிய மனுஷி என்றுதான் கணக்கு. எனக்குப் பதினாறில் வந்தது. யட்டவத்த சந்தையில் துணிக்கடை போட்டிருந்த சித்தி, மறு வருஷம் பெண்கள் குழுக் கடனுக்கு ஓர் ஆள் குறைகிறது என்று என்னைக் கூட்டிப் போனாள். அம்மா குவைத்தில் இருந்தாள். ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. ஐடியின் போட்டோக் கொப்பியைக் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். காசு முழுக்கச் சித்தியின் கடைக்குப் போனது.

வியாபாரம் படுத்தது, தவணை நின்றது. லோன்காரர் என்னைத் தேடி வந்தார்.

"ஒங்க பேர்ல கேஸ் விழுந்தா அரசாங்க வேல கெடைக்காது தங்கச்சி."

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக வேண்டுமென்று தவம் கிடந்தவள் நான். மறுநாளே மாத்தளைக்கு ஓடி, இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் வக்கீலம்மாவைப் பிடித்தேன். அவர் ஐடியைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார்.

"பதினெட்டு முடியல. அம்மாவும் கூட நின்னு சம்மதிக்கல. காசயும் நீங்க தொடல. இந்தக் கடன் ஒங்களக் கட்டுப்படுத்தாது. ஆனா பதினெட்டு முடிஞ்ச பெறகு எந்தப் பேப்பர நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. போட்டா பழைய கடன ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதி வழி நடந்தே வந்தேன். கால் தரையில் பாவவில்லை.

பதினெட்டு முடிந்த அன்று காலையிலேயே லோன்காரர் கேக் பெட்டியோடு வந்து நின்றார்.

"பொறந்தநாள் வாழ்த்து தங்கச்சி. தவணையக் கொறச்சுப் புதுசா எழுதியிருக்கோம். ஒரு சின்னக் கையெழுத்துதான்."

சித்தி ஆவலாகப் பேனையை என்னிடம் நீட்டினாள். எனக்குப் பொறி தட்டியது.

"இன்னைக்குத்தான் பொறந்தநாள்னு யாருண்ணே சொன்னாங்க?"

"ஐடி கொப்பியில இருக்கே."

"அந்தக் கொப்பி நான் கையெழுத்துப் போட்ட அன்னைக்கும் ஒங்க கையிலதானே இருந்துச்சு?"

அவர் கேக் பெட்டியின் நூலை நோண்டினார். வக்கீலம்மா சொன்னதை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஒரு பெரிய ஆளிடம் முடியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப யாரு கட்டுறது?" என்றார் அவர்.

சித்தி என்னைப் பார்க்காமல் பேனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் பேருக்கு மாத்தி எழுதுங்க தம்பி. துணி வாங்குனது நான்தானே."