ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு பத்தி

மும்பை தாராவியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என்னுடையது. ஒன்பதாம் வகுப்பு. அன்று பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறுகதை வாசிப்போம். முழுக் கதையை அல்ல, வாரத்துக்கு ஒரே ஒரு பத்தி. அடுத்த பத்தி என் பையில் இருக்கும், யார் கெஞ்சினாலும் வெளியே வராது.

இது பிடிவாதம் என்று மற்ற ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். பிடிவாதம்தான். எங்கள் பிள்ளைகள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள், தெருவில் இறங்கினால் இந்தி. அச்சிட்ட தமிழைக் கண்டால் மட்டும் எழுத்துக் கூட்டத் தொடங்குவார்கள். சிலர் கடினமான சொல்லுக்கு மேலே இந்தி எழுத்தில் குறித்துக்கொள்வார்கள். எப்படியும் மெதுவாகத்தான் வாசிக்கப் போகிறார்கள், அந்த நிதானத்தையே பலமாக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதல் வாரங்களில் ஒருவன், "டீச்சர், ஜல்தி முடிவைச் சொல்லிருங்க" என்று உயிரை வாங்கினான். நான் மசியவில்லை.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் "எந்த வரியில்?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். சொன்னவர் அந்த வரியின் மேல் விரலை வைக்க வேண்டும். விரல் வைக்க முடியாவிட்டால் பேச்சு செல்லாது. நானும் அதற்குக் கட்டுப்பட்டவள்தான். என்னை மடக்குவதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த பீரியடுக்குத்தான் ஆபத்து வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இப்போதே கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைக்க வேண்டும், கதைக்கெல்லாம் நேரமில்லை என்று பள்ளிக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. மாட்டுங்காவில் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் சட்டென்று எடைபோட்டுவிடுவார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் வரும் நாளன்று காலை செம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அந்த வாரத்துப் பத்தியை நாலு தடவை வாசித்துவிட்டேன்.

அன்றைய பத்தி மிகச் சிறியது. ஓர் அம்மாவும் மகனும் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார்கள். பொழுது சாயும் நேரம். அம்மா கதவைச் சாத்துகிறாள். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்கிறது. ஏதோ கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். அவ்வளவுதான்.

பிள்ளைகள் திக்கித் திக்கி வாசித்து முடித்தார்கள். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இந்தக் கதையின் நீதி என்ன என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். நீதி என்று நாங்கள் ஒருநாளும் தேடியதில்லை. அவரே பதிலும் சொன்னார்: பகிர்ந்து உண்ண வேண்டும், இந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள், அது தப்பு.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "எந்த வரியில சார் இருக்கு?" என்றாள்.

பெரியவரோடு வந்திருந்த தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பஸ்பமாகியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் துடுக்கு எதுவும் இல்லை. எங்கள் வகுப்பில் எல்லாரையும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். விரல் மேலும் கீழும் போனது. சமைத்தாள் என்று ஒரு வரியும் அதில் இல்லை.

"அடுப்பு பத்த வச்சதாவே இல்ல சார். சத்தம் மட்டுந்தான் இருக்கு" என்றாள் அவள். "வீட்ல ஒண்ணுமில்ல. சும்மா பாத்திரத்தை உருட்டுதா. சமைக்காங்கன்னு பக்கத்து வீட்ல நெனைக்கணும்லா, அதுக்குத்தான் கதவையும் சாத்துதா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பல வருடமாக நான் வைத்திருக்கும் கதை அது. கதவையும் சத்தத்தையும் இப்படிச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. நான் வளர்ந்த வீட்டில் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். இந்தப் பிள்ளைகளின் தெருவில் பகலெல்லாம் கதவுகள் திறந்தே கிடக்கும், ஒரு கதவு சாத்தினால் ஏன் என்று நாலு பேர் யோசிப்பார்கள். அவள் சொன்னதும் மற்ற பிள்ளைகள் தலையாட்டிய விதத்தில் அது தெரிந்தது. பெருமையில் என் கண் நிறைந்துவிட்டது. கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பெரியவர் அந்தப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார், உதடு அசைய, பிள்ளைகள் வாசிக்கிற மாதிரியே. பெல் அடித்தது. யாரும் பையை எடுக்கவில்லை.

"சரி, அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார். "அம்மா சும்மா உருட்டுதான்னு?"

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாத்தான் தெரியும் சார்" என்றாள்.

அவர் என் பையைப் பார்த்தார். நான் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டேன். கமிட்டிப் பெரியவரென்றாலும் வாரத்துக்கு ஒரு பத்திதானே.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து, கடைசி பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.