பல்காரர் வளர்த்த பெரிய கோஸ்

கோஸ் இலையைப் புரட்டிப் பிடித்து, பல்லிடுக்கைச் சுரண்டும் கொக்கிக் கம்பியால் வண்ணத்துப்பூச்சியின் மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிடுகிறார். மருந்து அடிப்பதில்லை. பல்செட் தயாரிக்கும் லேப்பில் முப்பது வருட வேலை. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பல்காரர்தான். அவருடைய சொந்தப் பல்வரிசையில் மட்டும் இரண்டு குறைவு.

மொட்டைமாடியில் பதினொரு தொட்டிகள். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல். துணைக்கு வெங்காயமும் செண்டுமல்லியும். யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதில் பள்ளிக்கூட வாத்தியாரைவிடக் கறார்.

"தக்காளியா? ஆகவே ஆகாது. கோஸும் அதுவும் ஒரே சோத்துக்கு அடிச்சுக்கிற பங்காளிங்க."

புதினாவுக்குத் தனித் தொட்டி. "அந்த வாசனையில பூச்சி குழம்பிப் போயிடும். ஆனா இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கிரும்."

நாலு வருடம் தேசம் தேசமாகத் திரிந்துவிட்டு வந்த எனக்கு அவர் வைத்த பெயர் ஊர்சுத்தி. "என்னம்மா ஊர்சுத்தி, பொட்டி இன்னும் பிரிக்கலையா?" பிரிக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியுமோ!

கைப்பிடி அளவு வந்ததுமே கோஸை அறுத்துவிடுவார். மனைவி தவறி ஐந்து வருடமாகிறது. "ஒத்த ஆளுக்கு அதுக்கு மேல எதுக்கு? பெருசா வெட்டினா நாலு நாள் அதையே திங்கணும்."

இந்த முறை ஒன்றை மட்டும் வளரவிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகன் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை காலை அதை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி ஆயிடுச்சு. நாளைக்கு அறுத்துடணும், விட்டா வெடிச்சிரும்."

அப்போதுதான் கைபேசி அடித்தது. அவர் கையெல்லாம் மண். நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"அப்பா, நாளைக்கு வர முடியலப்பா. சின்னவளுக்குப் பரீட்சை. அடுத்த வாரம் கண்டிப்பா."

"அதனால என்னடா, படிப்புதான முக்கியம்."

"கோவமாப்பா?"

"எனக்கென்ன கோவம்? இங்க தலைக்கு மேல வேலை."

பிறகு வெகுநேரம் வெங்காயத்தாளையே நீவிக்கொண்டிருந்தார்.

"அறுத்துடுங்க அங்கிள், நாம ரெண்டு பேரும் சாப்பிடலாம்" என்றேன்.

"உனக்குச் சின்னதா ரெண்டு தர்றேன்மா. இது இருக்கட்டும். வேர் கொஞ்சம் அறுந்துட்டா தண்ணி இழுக்காது. வெடிக்காம இன்னும் ஒரு வாரம் தாங்கும்."

தொட்டியின் முன் மண்டியிட்டு, கோஸை இரண்டு கைகளாலும் கன்னத்தைத் தாங்குவதுபோல் பிடித்து, மெல்லக் கால் வட்டம் திருப்பினார். மண்ணுக்குள் வேர்கள் படபடவென்று அறுந்தன.