கோயிலுக்குள் போன தோல் உறை

இன்று விரிஞ்சிபுரம் கோயிலைப் போட்டோ பிடிக்க வந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பெட்டி சுமந்து போனேன்.

என்மேல் அடித்த வாடையிலேயே நான் தோல் பதனிடுகிறவன் என்று வாசல் காவல்காரருக்குத் தெரிந்துவிட்டது.

"டேய், தோல் ஷாப்பு ஆளுதானே? அங்கியே நில்லு."

துரையிடம் மட்டும் குனிந்தார்.

"பூட்ஸைக் கழட்டிடுங்க தொர. தோலு உள்ள வரக்கூடாது."

துரை பூட்ஸை என் கையில் கொடுத்தார். கேமராவைத் தோல் உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். காவல்காரர் விலகி வழிவிட்டார்.

அது அசல் மாட்டுத்தோல். ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கி நானே பதம் போட்டதாகக்கூட இருக்கும்.

பூட்ஸுக்குக் காவலாக வெயிலில் நின்றேன்.

அந்த மாடு செத்த பிறகாவது சாமியைப் பார்த்துவிட்டது. நான் செத்தால் என் தோலையாவது உள்ளே விடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.