ஆணி அடிக்கக் கூடாத வீடு

இதை வாசிக்கிறவர்களில் ஒருத்தியாவது, வாசல் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடிதான் வாசிப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். என் பெயரையும் நான் இப்போது இருக்கும் இடத்தையும் எழுதமாட்டேன். ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

நான் மன்னாரில் பிறந்தவள். கலியாணம் செய்து நோர்வேக்கு வந்து பதினொரு வருடம். முதலில் திராமன் நகரில் இருந்தோம். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஹொல்ம்லியாவில் ஒரு மாடி வீட்டை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தோம். என் பெயரும் கணவர் பெயரும் சேர்ந்த ஒப்பந்தம். கையெழுத்து வைத்த அன்று வீட்டுக்காரி, நரைத்த தலையோடு ஒரு நோர்வேஜியப் பெண், ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டி, என் முகத்தைப் பார்த்து எதையோ வாசித்தார். துப்புரவு வேலைக்குத் தேவையான மொழிதான் எனக்கு அப்போது தெரியும். நான் கணவரைப் பார்த்தேன்.

“சுவரிலை ஆணி அடிக்கக் கூடாதாம்,” என்றார்.

தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஆணி அடிக்க முடியாததால் இயேசுவின் திரு இருதயப் படத்தை அலுமாரித் தட்டில் சாய்த்து வைத்தேன். பங்குச் சுவாமியார் வந்து வீடு மந்திரித்தார். எங்கள் மன்னார் வீட்டில் அம்மா செய்வதுபோல, கடவுச்சீட்டுகள், மகளின் ஞானஸ்நானப் பத்திரம், வாடகை ஒப்பந்தத்தின் என்னுடைய பிரதி எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுப் படத்தின் முதுகில் ஒட்டினேன். அங்கே வைத்த காகிதத்தை நாங்கள் எடுத்து வாசிப்பதில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம்.

கணவரின் அடி திராமனிலேயே தொடங்கியிருந்தது. ஹொல்ம்லியாவில் கூடியது. செபக்குழுவில் முதல் ஆளாக முழந்தாளிடுகிற மனிதர் அவர். அவர் குரல் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குரல் வீட்டில் தாழ்ந்து வந்தால் நான் மகளை அவள் அறைக்குள் அனுப்பிவிடுவேன். என்ன நடக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அனுபவித்தவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

செபக்குழுவில் மூத்த அக்கா ஒருவரிடம் மட்டும் சொன்னேன். “பிள்ளை, ஆம்பிளையள் அப்பிடித்தான். செபத்தை விடாதை, குடும்பத்தைக் குலைக்காதை,” என்றார். நல்ல மனுசி, எனக்காக அழுதும் இருக்கிறார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் ஆண்டது குசினியில் கதவுக்குப் பக்கத்து மூலையை மட்டும்தான்.

ஒவ்வொரு நாளும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, “இவரை மாற்றும் ஆண்டவரே,” என்று கேட்டேன். வருடக்கணக்காக ஒரே செபம். ஒரு பதிலும் வரவில்லை.

அந்த வீட்டின் கடைசித் தவக்காலத்தில் ஒருநாள் மகளின் அறையைக் கூட்டினேன். ஒன்பது வயது அவளுக்கு. கட்டிலுக்கு அடியில் அவளுடைய சப்பாத்துகள் நுனி வாசலைப் பார்த்தபடி இருந்தன.

“ஏனம்மா இதை இஞ்சை வைச்சிருக்கிறாய்?”

“ஓட வேண்டி வந்தால் எண்டு,” என்றாள். படம் கீறிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவும் இல்லை.

அன்றைக்கு என் செபம் மாறியது. அவரை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. “எங்களுக்கு வழியைத் திறவும்,” என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த கிழமையே மகள் ஒரு துண்டுக் கடதாசி கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத் தாதி கொடுத்தாராம். பெண்கள் பாதுகாப்பு இல்லத்தின் தொலைபேசி எண் அதில் இருந்தது. எடுத்துக் கேட்டேன்; எவருடைய கடிதமும் தேவையில்லை, நேரே வரலாம் என்றார்கள். கணவர் வேலைக்குப் போன ஒரு காலையில் வெளிக்கிட்டோம். மகள் சப்பாத்தோடு தயாராக நின்றாள். பயத்தில் எனக்கு என்ன எடுப்பது என்று தெரியவில்லை. குளிர் அங்கியை விட்டுவிட்டுத் திரு இருதயப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் எல்லோரும் என்னைப் பைத்தியக்காரி போலப் பார்த்தார்கள்.

இல்லத்துக்கு வந்து மூன்றாம் நாள் கணவருடைய குறுஞ்செய்தி வந்தது. “ஒப்பந்தம் முடிய இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. உன்ரை கையெழுத்தும் இருக்கு. நீ போனால் வழக்கு வரும், பிள்ளையையும் எடுப்பினம்.”

நான் நம்பினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், பையைக் கட்டத் தொடங்கிவிட்டேன். யன்னல் விளிம்பில் வைத்திருந்த படத்தைப் பார்த்து, “ஓட விட்டது திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவா?” என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். வாழ்க்கையில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

இல்லத்தில் எங்களைக் கவனித்த பணியாளர் போகவேண்டாம் என்றார். எனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வேஜியத்தில் என் நிலையை அவருக்கு விளக்க முடியவில்லை. நான் கட்டுப்பட்டவள் என்று நிரூபிக்க, படத்தின் முதுகிலிருந்த உறையைக் கிழித்து ஒப்பந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “பாருங்கள், என் கையெழுத்து,” என்றேன்.

அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இருவரில் ஒருவர் தனியாக எழுதிக் கொடுத்து விலகலாம். வீட்டில் வன்முறை இருந்தால் அந்த மாத முடிவோடு விலகுகிறவருடைய பொறுப்பு முடிந்துவிடும். கையால் எழுதிச் சேர்த்த வரி அது.

“எப்ப எழுதினது?” என்று மகள் எனக்காக நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

பணியாளர் வீட்டுக்காரிக்குத் தொலைபேசி எடுத்தார். முதல் நாளே எழுதியது என்றார் வீட்டுக்காரி. அவருடைய தமக்கை ஒரு கையெழுத்துக்குப் பயந்து ஒரு வீட்டில் வருடக்கணக்காக அடி வாங்கினாராம். அதன்பிறகு அந்த வரி இல்லாமல் அவர் எவருக்கும் வீடு கொடுப்பதில்லையாம். “உங்கள் முகத்தைப் பார்த்துத்தானே வாசித்தேன்,” என்றார். நான் மகளைக் கொண்டு ஆணியைப் பற்றிக் கேட்டேன். “ஆணியா? நான் ஆணியைப் பற்றிக் கதைக்கவே இல்லையே,” என்றார்.

இரண்டு வருடமாக நான் கும்பிட்ட படத்தின் முதுகிலேயே பதில் ஒட்டியிருந்தது. ஒட்டினவளும் நான்தான். அந்த அறையின் தரையில் இருந்து அழுதேன். நன்றியில் அழுதேனா, என் மேல் வந்த கோபத்தில் அழுதேனா தெரியாது.

இலவசச் சட்ட உதவி செய்கிற ஒரு வழக்கறிஞர் கடிதம் எழுதித் தந்தார். மாத முடிவோடு நான் அந்த வீட்டிலிருந்து விடுபட்டேன். கணவர் எங்களை நெருங்கக் கூடாது என்று பொலிஸ் தடை போட்டது. ஆனாலும் பயம் தடையுத்தரவை வாசிப்பதில்லை. யாராவது மாடிப்படியில் ஏறினால் இன்றைக்கும் காலடிகளை எண்ணுகிறேன். திருப்பலியில் பின்னாலிருந்து ஓர் அழகான குரல் பாடினால் திரும்பிப் பார்க்கத் துணிவதில்லை.

சகோதரிகளே, செபத்தை விடாதீர்கள், அக்கா சொன்னது சரிதான். ஆனால் என்னைப்போல் பாதியில் நிற்காதீர்கள். கேட்டுவிட்டுப் படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் காகிதத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் பயந்து இருந்துவிடாதீர்கள், தெரிந்தவர்களிடம் வாசிக்கக் கொடுங்கள். உங்களை அடிக்கிற மனிதரை மொழிபெயர்க்க விடாதீர்கள். என்னைக் கைவிடாத ஆண்டவர் உங்களையும் கைவிடமாட்டார்.

புது வீட்டு ஒப்பந்தத்தை மகளோடு சேர்ந்து வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். ஆணி அடிக்கலாமா என்று முதலில் கேட்டேன். தாராளமாக என்றார்கள். பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி நானே அடித்தேன், கொஞ்சம் சரிந்துவிட்டது. படம் அதில் தொங்குகிறது. அதன் முதுகில் இப்போது ஒன்றும் இல்லை.

மகளின் சப்பாத்துகள் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகளைப் போல அவையும் வாசலுக்கு வரவேண்டும் என்று எங்களுக்காகச் செபியுங்கள்.