துரை வீட்டில் இல்லை

என் கணவரைத் துரை என்று முதலில் கூப்பிட்டவள் நான்தான். அந்த நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும் போல இருக்கிறது இப்போது.

அவர் ஒன்றும் துரை வம்சம் இல்லை. அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வம்சம். அவரும் அங்கேதான் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். பசுந்தாங் பேட்டையில் நாலாவது மாடியில், மொட்டை மாடிக்குக் கீழே எங்கள் வீடு. மழை பிடித்தால் சமையலறையில் மூன்று வாளி வைக்க வேண்டும்.

அவருக்கு முப்பத்திரண்டு வயது. பர்மியப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலில் அந்த வயது வருகிறது. வார்டு ஆபீஸிலிருந்து வீடு வீடாக வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே நினைப்புதான். எப்படியாவது அவர் இந்த நாட்டைவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை இருப்பதாக ஏஜென்ட் சொன்னார். வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிக் கவனித்துக்கொள்ள வேண்டும். என் மாமனார் பக்கவாதத்தில் படுத்த மூன்று வருஷமும் அவரைத் தூக்கி, துடைத்து, கழுவிவிட்டவர் இவர்தான். வேலை நன்றாகத் தெரியும். இங்கிலீஷ்தான் சுத்தமாக வராது.

கீழ்வீட்டுப் பெண் ஒரு பென் டிரைவ் கொடுத்தாள். உள்ளே பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் ஒன்று. இடிந்துபோன ஒரு பங்களா, அதில் ஒரு துரை, ஒரு பட்லர். எங்கள் வீடு மாதிரியே அதுவும் ஒழுகும். துரை குடைக்குக் கீழே உட்கார்ந்து வெள்ளிக் கரண்டியால் சூப் குடிப்பார். பட்லர், "தாங்கள் சொன்னால் சரிதான், மை லார்ட்" என்று குனிவார். குனிகிற குனிவிலேயே அவ்வளவு நக்கல். அது துரைக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு காட்சிக்கு நாங்கள் உயிரையே விடுவோம். விருந்தாளிகள் வந்து கதவைத் தட்டுவார்கள். ஒழுகுகிற வீட்டைக் காட்ட வெட்கப்பட்டு துரை ஓடிப்போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பட்லர் மூக்கை மேலே தூக்கி, "துரை வீட்டில் இல்லை" என்பார். திரைக்கு அடியில் துரையின் பூட்ஸ் இரண்டும் பளபளவென்று தெரியும். கரண்ட் வந்ததும் சோறு வைப்பதை விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் போடுவோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

"பட்லர் பேசறது நமக்கெதுக்கு? கத்துக்கறதுதான் கத்துக்கறோம், மேல இருக்கறவன் பேச்சையே கத்துக்குவோம்" என்றார் இவர். கண்ணாடி முன் நின்று தாடையைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, துரை மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிப் பழகினார். "தொரைக்கு டீ வேணுமா, இல்ல தொரையே போட்டுக் குடிக்குமா?" என்று நானும் ஏற்றிவிட்டேன். அந்த நாட்டுக்காரர்கள் கேலி செய்வதே அந்தப் பேச்சைத்தான் என்பது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் ஏறவில்லை. எங்கள் முப்பாட்டன்கள் துரைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள். துரையைப் பார்த்துத் துரை நாட்டிலேயே சிரிப்பார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நேர்காணல் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. போனை அரிசி டின்னில் சாய்த்துவைத்து, பேட்டரி விளக்கை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பருத்த அம்மா வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் தாடையைத் தூக்கினார். "பரம சௌக்கியம், மதிப்புக்குரிய சீமாட்டியே" என்கிற தோரணையில் ஒரு பதில் சொன்னார்.

அந்த அம்மா வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். இவர் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், உனக்கென்னடி இளிப்பு என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"சரி, மை லார்ட், கிழவர்களுக்குப் பின்புறம் கழுவிவிட உங்களால் முடியுமா?" என்றார் அந்த அம்மா.

இவர் தாடை இறங்கியது. துரை போய், அவருடைய சொந்த உடைந்த இங்கிலீஷ் வந்தது. "என் அப்பா. மூணு வருஷம். தினமும் நான்தான் கழுவினேன்."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. வேலை உறுதி. கடைசி வரியில், "எங்கள் கிழவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், மை லார்ட், எப்போது எழுந்தருளப் போகிறீர்கள்?" என்று இருந்தது. இவர் அதை நாலு தடவை படித்தார். "ஏய், இது கிண்டல்டி! நம்மளையும் ஒருத்தனா சேத்துக்கிட்டாங்க" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

அந்த வாரமே ஏஜென்ட் போன் செய்தார். இந்த வயது ஆண்களை இனி வெளிநாட்டு வேலைக்கு அரசாங்கம் விடாதாம். பெண்கள் போகலாமாம். அந்த அம்மாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இவர் இன்னும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த இவர், "வார்டு ஆளு" என்றார். அவரைச் சமையலறைத் திரைக்குப் பின்னால் தள்ளினேன். பாவி மூளை அப்போதும் வேலை செய்தது. திரைக்கு அடியில் கால் தெரியக் கூடாது என்று அவரை அரிசி டின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

வார்டு ஆள் எங்களுக்குப் பழக்கமானவர்தான். தெருமுனை டீக்கடையில் இவரோடு உட்கார்ந்து அரட்டை அடிக்கிறவர். கையில் காகிதம் இருந்தது. "தங்கச்சி, வீட்டுக்காரர் இருக்காரா?" என்று பர்மியில் கேட்டார்.

"வீட்ல இல்ல" என்றேன். மூக்கு தானாக மேலே போயிற்று. சாமி சத்தியமாக, அது அந்த பட்லரின் குரல்.

அவர் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லா வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் செருப்பைக் கதவுக்கு வெளியேதான் விடுவோம். என் செருப்புக்குப் பக்கத்தில் அவருடைய பெரிய செருப்பு கிடந்தது. வார் அறுந்து நான் நீலக் கயிறு கட்டிக்கொடுத்த அதே செருப்பு.

"வெறுங்காலோடயா போனாரு?" என்றார் அவர். சிரித்தார். அது சிநேகிதன் சிரிப்பா, இல்லை வேறு சிரிப்பா, எனக்கு இந்த நிமிஷம் வரை விளங்கவில்லை. "வியாழக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செருப்பை வாரி எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். திரைக்குப் பின்னாலிருந்து, "விருந்தாளிகள் போய்விட்டார்களா?" என்று அந்தத் துரைக் குரல் கேட்டது. என்னைச் சிரிக்கவைக்கத்தான் கேட்டார். நான் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று புதன்கிழமை. செருப்பை உள்ளேதான் வைத்திருக்கிறேன்.