தட்டை நீட்ட மாட்டேன்

தனக்கு வேலையில் பதவி உயர்ந்ததற்காக மகள் என்னைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனாள். பல தேசத்துச் சாப்பாடும் வரிசையாக இருந்தது. நாமே தட்டோடு போய்ப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

"தட்டத் தூக்கினு சோத்துக்கு நிக்கவா உப்பளத்துல ஒழச்சேன்? குந்தினா பரிமாறணும்டி."

"யம்மா, மானத்த வாங்காத."

பசியோ வயிற்றைக் கிள்ளியது. எழுந்து போய், தட்டை விட்டுவிட்டு நூடுல்ஸ் கரண்டியை எடுத்தேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரருக்கு அள்ளி வைத்தேன். அடுத்து வந்தவர்களும் தட்டை நீட்டினார்கள்.

"வெக்கப்படாம சாப்டுங்க" என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த வெள்ளைக்காரர் ஒரு தட்டு நிறைய எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

மகளைப் பார்த்தேன். "ரசம் எப்ப வரும்னு அவரக் கேளுடி."